டாஸ் கட்டளை வரியில் அம்பு விசைகளை மீட்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரு பழைய 286 கணினி, அதில் எம்எஸ்-டாஸ் 3.3 என்ற பழைய இயங்குதளம். மேல் அம்பை அழுத்தினால் முந்தைய கட்டளை வருவதில்லை. இடது அம்பை அழுத்தினால் கர்சர் நகர்வதற்குப் பதிலாக எழுத்துகள் அழிந்துபோகின்றன. வேறொரு கணினியிலிருந்து, பழைய கட்டளைகளை மீட்டுத் தரும் டாஸ்கீ என்ற நிரலை நகலெடுத்துப் போட்டால், டாஸ் பதிப்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்யச் சின்ன நிரல் ஏதும் உண்டா, அது எப்படி வேலை செய்கிறது, நாமே எழுத முடியுமா?

உண்டு. எழுதவும் முடியும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: உங்கள் விசைப்பலகையில் எந்தக் கோளாறும் இல்லை, டாஸும் கெட்டுப்போகவில்லை. கட்டளை வரி என்றால் என்ன என்பதில் அந்தக் கால டாஸுக்கு வேறொரு எண்ணம் இருந்தது, அவ்வளவுதான். அந்த எண்ணம் புரிந்துவிட்டால் நிரலை எங்கே பொருத்த வேண்டும் என்பதும் தானாகப் புரியும்.

இன்று நாம் ஒரு வரியை அடிக்கும்போது, அதற்குள் முன்னும் பின்னும் போய் எந்த இடத்திலும் திருத்தலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். டாஸின் மூதாதையான 86-டாஸ் 1980-இல் எழுதப்பட்டபோது, கணினிக்கு எதிரே இருந்தது பெரும்பாலும் சீரியல் கம்பி வழியாக இணைந்த ஒரு டெர்மினல், அதாவது விசைப்பலகையும் திரையும் கொண்ட தனிக் கருவி. கர்சரை நினைத்த இடத்துக்கு நகர்த்தும் குறியீடு ஒவ்வொரு டெர்மினலுக்கும் வேறு. எல்லாவற்றிலும் பொதுவாக நம்பக்கூடியவை இரண்டே: ஒரு எழுத்தை அச்சிடலாம், ஒரு இடம் பின்னால் வரலாம். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு திருத்தும் வசதி தர முடியுமோ அவ்வளவையும் டாஸ் தந்தது. அதற்குப் பெயர் டெம்ப்ளேட். நீங்கள் கடைசியாக அடித்த வரி மறைவாக ஓர் அச்சு மாதிரி காத்திருக்கும். அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் புதிய வரியைக் கட்டிக்கொள்ளலாம்.

எஃப்1 அந்த அச்சிலிருந்து ஒரே ஓர் எழுத்தை எடுத்துத் தரும். எஃப்3 மீதி முழுவதையும் தரும். எஃப்2 அழுத்தி ஓர் எழுத்தை அடித்தால், அந்த எழுத்துக்கு முன்புவரை உள்ளதை எடுத்துத் தரும். எஃப்4 அதே போல அந்த எழுத்துவரை தாண்டிப் போய்விடும். இன்சர்ட் அழுத்தினால் புதிய எழுத்தை நுழைக்கலாம், டெலீட் அச்சில் ஓர் எழுத்தைத் தாண்டும். எஃப்5 இப்போது அடித்திருப்பதையே புதிய அச்சாக்கிவிட்டு ஒரு அட் குறியைக் காட்டும். எஸ்கேப் ஒரு பின்சாய்கோடு போட்டு வரியைக் கைவிட்டுவிடும்.

ஓர் உதாரணம். நீளமான ஒரு காப்பி கட்டளையை அடித்தீர்கள், காப்பி என்ற நான்கெழுத்துச் சொல்லின் கடைசி எழுத்து மட்டும் தப்பாகிவிட்டது. டாஸ் திட்டுகிறது. இப்போது எஃப்1 மூன்று முறை, சரியான எழுத்து ஒன்று, அப்புறம் எஃப்3. முழு வரியும் சரியாக வந்து நிற்கும். எழுத்து விட்டுப்போயிருந்தால், அந்த இடம்வரை எஃப்1, பிறகு இன்சர்ட், விட்ட எழுத்து, எஃப்3. எந்த நிரலும் ஏற்றாமலே இது உங்கள் 3.3-இல் இருக்கிறது. முதலில் ஒரு வாரம் இதைப் பழகிப் பாருங்கள் என்று மனதாரச் சொல்வேன். பழகிய விரல்களுக்கு இது வேகமானது. அந்தப் பழக்கம் வீணும் போகாது. இன்றைய விண்டோஸ் கட்டளைச் சாளரத்திலும் எஃப்3 முந்தைய வரியைக் கொண்டுவருகிறது.

இப்போது உங்கள் இடது அம்பின் கதையும் புரிந்திருக்கும். இந்த முறையில் வலது அம்பு என்பது எஃப்1-இன் மறுபெயர், இடது அம்பு என்பது பேக்ஸ்பேஸின் மறுபெயர். மேல் அம்புக்கு வேலையே இல்லை. அச்சு ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு முந்தைய வரியை டாஸ் எங்கும் வைத்திருக்கவில்லை.

இந்தக் குறையை எல்லாரும் சீக்கிரமே உணர்ந்துவிட்டார்கள். 1980-களிலேயே டாஸ்எடிட், சிஇடி போன்ற குட்டி நிரல்கள் கைக்குக் கை பரவின. டிஜிட்டல் ரிசர்ச்சின் டிஆர்-டாஸ் 5, 1990-இல் வந்தபோது, கணினி தொடங்கும்போது படிக்கப்படும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹிஸ்டரி என்று ஒரு வரி எழுதினாலே போதும் என்ற நிலையைக் கொடுத்தது. 1989-இல் வெளிவந்த 4டாஸ், கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் டாஸின் கமாண்ட்.காம் நிரலையே தூக்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மைக்ரோசாஃப்ட் 1991-இல் எம்எஸ்-டாஸ் 5 உடன்தான் டாஸ்கீயைத் தந்தது. மேல் அம்பு, கீழ் அம்பு, எஃப்7 அழுத்தினால் பழைய கட்டளைகளின் பட்டியல், எஃப்8 அழுத்தினால் முதல் எழுத்துகளை வைத்துத் தேடல், கூடவே மேக்ரோக்கள் (கட்டளைகளுக்கு நாமே வைக்கும் குறும்பெயர்கள்). எல்லாம் சேர்ந்து சுமார் 4 கிலோபைட் நினைவகம்.

அந்த டாஸ்கீ உங்கள் 3.3-இல் ஏன் ஓடவில்லை? பதிப்பு எண்ணைச் சோதிப்பதால் மட்டும் அல்ல. சோதிக்கும் இடத்தைத் தேடி அழித்துவிட்டால் ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நம்பி நேரத்தைச் செலவிட வேண்டாம். 5-ஆம் பதிப்பின் கமாண்ட்.காம், ஒரு வரி வேண்டும் என்றதும் முதலில் இன்டரப்ட் 2எஃப் வழியாக (இன்டரப்ட் என்பது ஒரு நிரல் இன்னொன்றை உதவிக்கு அழைக்கும் எண்ணிட்ட வாசல்), டாஸ்கீ இருக்கிறாயா, இருந்தால் நீயே ஒரு வரி வாங்கிக் கொடு என்று கேட்கிறது. பதில் வராவிட்டால்தான் வழக்கமான வழிக்குப் போகிறது. 3.3-இன் கமாண்ட்.காமுக்கு அப்படிக் கேட்கவே தெரியாது. அதனால் டாஸ்கீயை எப்படியாவது ஏற்றிவிட்டாலும், யாரும் கூப்பிடாத வீட்டில் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆக, பழைய டாஸுக்கான நிரல் அந்த வழக்கமான வழியில்தான் குறுக்கே நிற்க வேண்டும். அந்த வழி இன்டரப்ட் 21, சேவை எண் 0ஏ. (இன்டரப்ட், சேவை எண்களை ஹெக்ஸ் எனும் பதினாறடி எண்முறையிலும் மற்ற எண்களைச் சாதாரணக் கணக்கிலும் எழுதுகிறேன்.) 0ஏ என்றால் பத்து. டாஸுக்கு முந்தைய இயங்குதளமான சிபி/எம்-இலும் வரி வாங்கும் சேவையின் எண் பத்துதான். பழைய நிரல்களை எளிதாக மாற்றி எழுத வேண்டும் என்பதற்காக டாஸ் அதையே வைத்துக்கொண்டது. கமாண்ட்.காம், டிபக் (நிரல்களில் பிழை தேடும் கருவி), எட்லின் (உரைத் திருத்தி) மூன்றும் வரி வாங்க இந்தச் சேவையைத்தான் அழைக்கின்றன. எனவே இந்த ஓரிடத்தைப் பிடித்தால் மூன்றுக்கும் அம்பு விசைகள் கிடைத்துவிடும்.

சேவையின் ஒப்பந்தம் மிகச் சிறியது. அழைப்பவர் ஒரு பஃபரின், அதாவது வரியைப் போட்டுவைக்கும் நினைவகப் பகுதியின், முகவரியைத் தருகிறார். அதன் முதல் பைட், என்டர் விசையின் குறியீட்டையும் சேர்த்து எத்தனை பைட் கொள்ளும் என்பது, கமாண்ட்.காம் அதில் 128 என்று போடும். இரண்டாம் பைட்டில், என்டரைச் சேர்க்காமல் எத்தனை எழுத்துகள் அடிக்கப்பட்டன என்பதை நாம் எழுத வேண்டும். மூன்றாம் பைட்டிலிருந்து வரி, முடிவில் என்டரின் குறியீடான 13. திரும்பிப் போகும்போது இவை சரியாக இருந்தால், நடுவில் நீங்கள் எந்த விசைக்கு என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்தச் சுதந்திரம்தான் இவ்வகை நிரல்களை ஒன்றிரண்டு கிலோபைட்டுக்குள் எழுத வைக்கிறது.

எலும்புக்கூடு இப்படி: தொடங்கியதும் சேவை 35-ஐ வைத்து இன்டரப்ட் 21-இன் பழைய முகவரியை (அழைப்பு போய்ச் சேரும் இடத்தை) குறித்துக்கொள்ளுங்கள், சேவை 25-ஐ வைத்து உங்கள் முகவரியைப் போடுங்கள், சேவை 31-ஐ வைத்து நினைவகத்தில் தங்கிவிடுங்கள். அதன்பின் வரும் ஒவ்வோர் அழைப்பிலும் சேவை எண் 0ஏ-வா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய முகவரிக்குத் தாவிவிடுங்கள். ஆம் என்றால் நீங்களே வரியை வாங்குங்கள்.

டாஸுக்குள் இருந்து டாஸை அழைக்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். திடீரென்று திரையில் தோன்றும் நிரல்களுக்கு அது பெரிய தலைவலி, ஏனென்றால் அவை விழித்துக்கொள்ளும் நேரத்தில் டாஸ் வேறு வேலையின் நடுவில் இருக்கலாம். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. அழைப்பு டாஸின் வாசலுக்கு வரும்போதே பிடித்துவிடுகிறோம். டாஸ் இன்னும் உள்ளே நுழையவில்லை. எனவே விசைகளை வாங்க டாஸின் சேவை 08-ஐயே தாராளமாக அழைக்கலாம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். இன்டரப்ட் 16 வழியாக நேராகப் பயாஸிடம் (கணினியின் சில்லிலேயே இருக்கும் அடிப்படை நிரலிடம்) கேட்பது வேகமாகத் தெரியும். ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லும் கன்ட்ரோல்-சி-யைக் கவனிப்பது, காத்திருக்கும் நேரத்தில் இன்டரப்ட் 28-ஐ அழைத்துப் பிற தங்கும் நிரல்களுக்கு வாய்ப்புக் கொடுப்பது, சிடிடிஒய் கட்டளையால் உள்ளீடு சீரியல் முனைக்கு மாறியிருந்தால் அங்கிருந்து வாங்குவது என்று டாஸ் ஓசையில்லாமல் செய்துகொண்டிருந்த அத்தனையும் உங்கள் தலையில் விழும்.

சேவை 08-இல் சாதாரண எழுத்து அப்படியே வரும். அம்பு விசைகள் முதலில் 0 என்று வரும். மறுபடி அழைத்தால் அடையாள எண் வரும். மேல் அம்பு 72, கீழ் அம்பு 80, இடது 75, வலது 77, ஹோம் 71, எண்டு 79, இன்சர்ட் 82, டெலீட் 83. எஃப்1 முதல் எஃப்10 வரை 59 முதல் 68. பழைய 83 விசைப் பலகையில் தனி அம்புகள் கிடையாது, எண் பகுதிக்குள்தான் இருக்கின்றன. 101 விசைப் பலகையில் தனியாக இருக்கின்றன. டாஸ் 3.3 வழியாகக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். பயாஸின் புதிய சேவை 10-ஐ நேரடியாக அழைத்தால் தனி அம்புகளுக்கு 0-க்குப் பதிலாக 224 வரும், அந்தச் சேவையே இல்லாத பழைய எக்ஸ்டி கணினிகளின் பயாஸ்களும் உண்டு. டாஸ் வழியாகப் போகச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

சரி, இனி இடறும் இடங்கள். நான் எழுதிய முதல் பதிப்பு பிராம்ப்ட்டில் (டாஸ் கட்டளைக்காகக் காத்திருக்கும் இடத்தில்) அழகாக வேலை செய்தது. ஒருநாள் டிபக்கிற்கு ஒரு கட்டளைக் கோப்பை உள்ளீடாகத் திருப்பிவிட்டேன். கணினி அசையாமல் நின்றுவிட்டது. காரணம், உள்ளீடு கோப்பிலிருந்து வர வேண்டிய நேரத்தில் என் நிரல் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதற்கு மருந்து எளிது: ஒவ்வொரு 0ஏ அழைப்பிலும் சேவை 44-இன் துணைச்சேவை 00-வை உள்ளீட்டைக் குறிக்கும் எண்ணான கைப்பிடி 0-இன் மேல் அழையுங்கள். திரும்பி வரும் மதிப்பில் ஏழாம் பிட் அது சாதனமா கோப்பா என்று சொல்லும், பூஜ்ஜியமாம் பிட் அது கன்சோல் உள்ளீடா என்று சொல்லும். இரண்டும் 1 ஆக இல்லாவிட்டால் பழைய முகவரிக்கே விட்டுவிடுங்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்களில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இதைத்தான் சோதிப்பேன்.

இரண்டாவது இடறல் இன்னும் நுட்பமானது. ஒரே அழைப்பு இரண்டு முறை உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று, வேலையில் இருக்கிறேன் என்பதற்கு ஒரு கொடி வைத்திருந்தேன். நுழையும்போது ஏற்றுவேன், வெளியேறும்போது இறக்குவேன். எல்லாம் நன்றாகப் போனது. ஆனால் எப்போதாவது ஒருமுறை அம்பு விசைகள் செத்துப்போய், பழைய டெம்ப்ளேட் முறை திரும்பிவிடும். இரண்டு மாலைகள் தேடிய பிறகு கண்டுபிடித்தேன்: கன்ட்ரோல்-சி அழுத்தினால்தான் அப்படி. சேவை 08-இன் நடுவில் கன்ட்ரோல்-சி வந்தால் டாஸ் இன்டரப்ட் 23-ஐ அழைக்கிறது. அதன் கையாளி வேலையை முறித்துக்கொண்டு தன் போக்கில் போய்விடுகிறது. என் நிரலின் மீதிப் பகுதிக்குத் திரும்பவே இல்லை. ஏற்றிய கொடி ஏற்றியபடியே நின்றுவிட்டது. இந்த நிரலில் அந்தக் கொடி தேவையே இல்லை என்று எடுத்துவிட்டேன். ஒவ்வொரு நுழைவிலும் எல்லா நிலைகளையும் புதிதாகத் தொடங்குங்கள். போன முறை ஒழுங்காக வெளியேறியிருப்போம் என்று எதையும் நம்பாதீர்கள். சொந்த ஸ்டாக் (தற்காலிக மதிப்புகளை அடுக்கும் நினைவகப் பகுதி) வைத்திருந்தால் அதன் தொடக்கத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாக அமையுங்கள்.

மூன்றாவது, திரை. 80 எழுத்துகளைத் தாண்டினால் வரி அடுத்த வரிசைக்கு மடங்கும். பேக்ஸ்பேஸ் குறியீட்டை அச்சிட்டால், முதல் நெடுவரிசையிலிருந்து கர்சர் மேல் வரிசைக்கு ஏறாது. எனவே இன்டரப்ட் 10-இன் சேவை 03-ஐக் கொண்டு தொடக்க இடத்தைக் குறித்துக்கொண்டு, 02-ஐக் கொண்டு கர்சரை நீங்களே வைக்க வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: திரையின் கடைசி வரிசையில் நீளமான வரியை அடித்து மடங்கினால் திரை முழுவதும் ஒரு வரிசை மேலே நகர்ந்துவிடும். நீங்கள் குறித்துவைத்த தொடக்க வரிசை இப்போது தவறு, ஒன்று குறைக்க வேண்டும். இதை மறந்த நிரலில் நீளமான பழைய கட்டளைகளை மேல் அம்பால் புரட்டினால் திரையில் குப்பை சேரும். 25 வரிசைகள் என்றும் எழுதிவைத்துவிடாதீர்கள். ஈஜிஏ திரை அட்டையில் 43, விஜிஏ அட்டையில் 50 வரை போகலாம்.

பழைய வரிகளைச் சேமிக்க 512 பைட் போதும். டாஸ்கீயும் இயல்பாக அவ்வளவுதான் எடுத்துக்கொள்கிறது. நீளம், பிறகு வரி என்று அடுக்கிக்கொண்டே போய், இடம் தீர்ந்தால் மிகப் பழையதைத் தள்ளிவிடுங்கள். கடைசி வரியே மறுபடி வந்தால் இரண்டாம் முறை சேர்க்க வேண்டாம். முதல் எழுத்துகளை அடித்துவிட்டு எஃப்8 அழுத்தினால் பொருந்தும் வரியைத் தேடும் வசதியைக் கட்டாயம் சேருங்கள். நிரலில் இருபது முப்பது வரிகள்தான் கூடும், அன்றாடம் மேல் அம்பைவிட அதிகம் கைகொடுப்பது அதுதான். டிபக்கில் அடித்த வரிகள் பிராம்ப்ட்டின் வரிகளோடு கலப்பது எனக்குப் பிடிக்காது. டாஸ் 3 முதல் இருக்கும் சேவை 62, இப்போது ஓடும் நிரல் எது என்று அடையாளம் தரும். அதை வைத்து கமாண்ட்.காமின் வரிகளை மட்டும் சேமிக்கலாம். எஃப்1, எஃப்2, எஃப்3 பழையபடியே வேலை செய்ய வேண்டும் என்பதும் என் பிடிவாதம். புதிய விசைகளைக் கொடுப்பதற்காகப் பழைய விரல்களின் பழக்கத்தைப் பறிக்கக் கூடாது.

இந்த வழியால் எட்ட முடியாத நிரல்களும் உண்டு. சி மொழியில் எழுதிய பல நிரல்கள் 0ஏ-வை அழைப்பதில்லை. கைப்பிடியிலிருந்து படிக்கும் சேவை 3எஃப்-ஐ அழைக்கின்றன. அப்போது டாஸ் தன் உள்ளேயே வரியை வாங்கிக்கொள்கிறது, நம் வாசலுக்கு 0ஏ வருவதே இல்லை. அங்கே எஃப்3 வேலை செய்யும், மேல் அம்பு செய்யாது. ஜிடபிள்யூ-பேசிக் என்ற நிரல்மொழியிடம் அதற்கே உரிய திரைத் திருத்தி இருக்கிறது, அதைத் தொட வேண்டிய அவசியமில்லை.

நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாக. தொடக்க வேலைக்கான பகுதியை நிரலின் கடைசியில் எழுதுங்கள், தங்கும்போது அதைக் கழற்றிவிடலாம். நிரலுக்குக் கொடுக்கப்பட்ட சூழல் மாறிகளின் நகலையும் விடுவித்துவிடுங்கள், பலர் மறப்பது இது. நிரலை நீக்கும் வசதி வைத்தால், இன்டரப்ட் 21-இன் முகவரி இன்னும் உங்களையே காட்டுகிறதா என்று பார்த்த பிறகே நீக்குங்கள். உங்களுக்குப் பின் இன்னொரு நிரல் அதே இடத்தைப் பிடித்திருந்தால், நீங்கள் விலகியதும் அது வெறுமைக்குள் தாவும்.

எழுதப் பொறுமை இல்லையென்றால் என் பரிந்துரை இது. வெறும் அம்பு விசைகள் போதும் என்றால் சிஇடி. கமாண்ட்.காமையே மாற்றத் தயார் என்றால் 4டாஸ். தன் பெரும்பகுதியை வட்டுக்கோ கூடுதல் நினைவகத்துக்கோ தள்ளிவிடுவதால், தெரிவதைவிடக் குறைவாகவே இடம் பிடிக்கும். ஏஎன்எஸ்ஐ.சிஸ் என்ற டாஸ் இயக்கியைக் கொண்டு விசைகளுக்குச் சொற்களை ஒதுக்கும் முறையை யாராவது சொல்வார்கள். எஃப்10 அழுத்தினால் டிர் (கோப்புப் பட்டியலைக் காட்டும் கட்டளை) என்று வர வைக்க அது நல்லது, வரியைத் திருத்த உதவாது.

எதை ஏற்றினாலும் உடனே, கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் சேர்த்துவிடாதீர்கள். முதலில் கையால் ஏற்றுங்கள். டிபக்கை முடித்துவைக்கும் க்யூ என்ற ஓர் எழுத்தும் என்டரும் மட்டும் உள்ள கோப்பு ஒன்றை உருவாக்கி, டிபக்கிற்கு உள்ளீடாகத் திருப்புங்கள்; பிராம்ப்ட் திரும்பி வர வேண்டும். ஒரு வரியைப் பாதி அடித்துக் கன்ட்ரோல்-சி அழுத்துங்கள், அப்புறம் மேல் அம்பைத் தொடுங்கள். கடைசியாக, திரையின் அடிவரிசைக்குப் போய் நூறு எழுத்து நீளமான வரியை அடித்து, ஹோம் அழுத்தி, நடுவில் ஓர் எழுத்தை நுழைத்துப் பாருங்கள். மூன்றிலும் சரியாக இருந்தால் ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் மற்றத் தங்கும் நிரல்களுக்குப் பின் கடைசி வரியாகச் சேருங்கள். நீக்க வேண்டி வந்தால் முதலில் அதைக் கழற்ற முடியும்.